ஜீப் கிளம்பிய பிறகு

பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து மீட்பது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லும் கட்டுரைகள் வாரம் ஒன்றேனும் கண்ணில் படுகின்றன. நேரம் குறித்துக் கொடுங்கள், அருகில் அமர்ந்து பாருங்கள், மாலையில் விளையாட அழைத்துச் செல்லுங்கள். எதுவும் தவறான ஆலோசனை அல்ல. ஆனால் மாலை நான்கரை மணிக்கு வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்ற அனுமானத்தின் மீதே இவை எல்லாம் நிற்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்கு அது பொருந்தாது.

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைச்சாலைகள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். அவர்கள் இறங்கி வரும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருக்கும். இடைப்பட்ட பொழுதில் பிள்ளை தானே சாப்பிட்டு, தானே பள்ளிக்குப் போய், தானே பூட்டைத் திறந்து உள்ளே வருகிறான். அந்த அம்மா கைபேசி வாங்கிக் கொடுத்தது செல்லத்தினால் அல்ல. ‘வந்துட்டியா, சாப்பிட்டியா’ என்று மலையிலிருந்து கேட்பதற்கு அவளுக்கு வேறு வழியில்லை. நகரத்துக் கட்டுரையாளர் அந்தக் கருவியை வீட்டுக்குள் புகுந்த பகைவனாகப் பார்க்கிறார். இங்கே அது பிள்ளையை அம்மாவோடு கட்டியிருக்கும் கயிறும்கூட.

2020ஐ மறந்துவிட முடியாது. எல்லை அடைபட்டு, ஜீப்புகள் நின்று, கூலியும் நின்ற அந்த மாதங்களில்தான் பள்ளிக்கூடம் கைபேசிக்குள் போனது. கடன்பட்டு வாங்கியவர்கள் உண்டு. 2021 செப்டம்பரில் மேல்வகுப்புகள் திறந்தன. பாடம் வகுப்பறைக்குத் திரும்பியது, கைபேசி வீட்டிலேயே தங்கிவிட்டது.

‘அடிமை’ என்ற சொல்லை நாம் சற்று எளிதாகவே பயன்படுத்துகிறோம். பக்தி இலக்கியத்தில் அது தானே விரும்பி ஏற்கும் நிலை, அதில் ஒரு பெருமிதம் உண்டு. பதினைந்து வயதுப் பையன் எதையும் விரும்பி ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப்பட்டியலில் கணினி விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டையே வைத்தல், கேடு தெரிந்தும் தொடர்தல் என்ற மூன்றும் பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்தால்தான் அது நோய். இரவு பத்து மணிக்கு ரீல்ஸ் பார்க்கும் பையன் எல்லாம் நோயாளி அல்ல. உறக்கமும் பள்ளியும் பேச்சும் நின்றுபோனவனுக்குத் திட்டு உதவாது, மருத்துவர் வேண்டும். க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இலவச ஆலோசனையும் இருக்கிறது.

இந்தப் பழக்கம் எப்படிப் பிடிக்கிறது என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் லாட்டரி பார்த்தவர்கள். எப்போதும் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் கையைக் கட்டிப்போடும் என்பதை ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957ல் வெளியிட்ட நூலில் புறாக்களை வைத்து விரிவாகக் காட்டினார்கள். விரலால் தள்ளத் தள்ள அடுத்த காணொளி வருவதும் அதே கணக்குதான். பத்து சப்பென்று இருக்கும், பதினொன்றாவது சிரிக்க வைக்கும். முடிவில்லாமல் நீளும் அந்தப் பக்கத்தை 2006ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாடு 2003ல் லாட்டரியைத் தடைசெய்தது. ஆனால் குமுளியில் கேரள லாட்டரி கிடைக்கிறது. டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது நம் மதுரைக் கிளை நீதிமன்றம், 2019 ஏப்ரலில். அந்த மாதமே தடை நீங்கியது. 2020 ஜூனில் மத்திய அரசு மறுபடி தடுத்தது, ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ல் நாடு முழுவதற்கும் தடைசெய்தது நல்ல செயல். ஆனால் நான்கரை மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே காலியாகக் கிடக்கும் பொழுதை எந்தச் சட்டமும் நிரப்பாது.

வீட்டளவில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ‘வந்துட்டியா’ என்று கேட்க ஒரு பட்டன் போன் போதும். பெரிய கைபேசி அம்மாவோடு மலைக்குப் போகட்டும், இரவில் அவள் தலைமாட்டில் சார்ஜ் ஏறட்டும். பாடத்துக்குத் தேவையென்றால் அவள் வந்த பிறகு, கூடத்தில் வைத்துப் பார்க்கட்டும். திடீரென்று பிடுங்குவது மட்டும் கூடாது. பிடுங்கப்பட்டவன் நண்பன் வீட்டுக்குப் போவான், அங்கே என்ன பார்க்கிறான் என்பதே தெரியாமல் போகும். (அப்பாக்களை எங்கே காணோம் என்று கேட்பீர்கள். டீக்கடை பெஞ்சில் தேடுங்கள், தலையைக் குனிந்திருப்பார்கள்.)

ஆனால் தனி ஒரு தாயின் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ்ன் என்ற ஊரில் 2022 ஆகஸ்டிலிருந்து மாலை ஏழு மணிக்குக் கோவிலில் ஒரு சங்கு ஊதுகிறார்கள். எட்டரை வரை ஊர் முழுக்கத் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கும் அதே விதி என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. முதலில் சிரித்தார்களாம். அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள்.

நமக்குச் சங்கு பொருந்துமா என்பது ஐயமே, ஏழு மணிக்குத்தான் இங்கே அடுப்பு எரியத் தொடங்குகிறது. நம் நேரம் அதற்கு முந்தியது. பள்ளி மைதானத்தின் கதவை ஆறரை வரை திறந்து வைக்கலாம். கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மேசை போடலாம். மலைக்குப் போகாத நாளில் மகளிர் குழுவிலிருந்து இருவர் முறைவைத்து அங்கே உட்காரலாம், அதற்கு ஊராட்சி ஒரு சிறு படி கொடுக்கலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவற்றோடு ‘நான்கரைக்கு மேல் பிள்ளைகள் எங்கே இருப்பது’ என்பதையும் ஒரு தீர்மானமாக யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.