அது திமிர் அல்ல

"பட்டினி கிடப்பது வசதியான வீட்டுப் பெண்களின் திமிர், மனசு வைத்தால் சாப்பிட்டுவிடலாம்" என்கிறார் ஒரு கட்டுரையாளர். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையை அவர் பார்க்கட்டும். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, தாமாக முன்வந்த 36 இளைஞர்கள்; உடலும் மனமும் திடமானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு. எடையில் ஏறத்தாழக் கால்பங்கு கரைந்தது. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். உணவை நெடுநேரம் அளைந்தார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள். இவர்களில் யாருக்கு ஐயா திமிர்?

பட்டினியே மனதை இப்படிப் புரட்டும்போது, அனோரெக்சியா என்னும் உணவு மறுப்பு நோயில் தவிக்கும் பெண்ணிடம் 'மனசு வை' என்பது கொடுமை. திடீரென நிறையத் திணிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுபோகலாம். அதனால்தான் மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனையோடு உணவைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். வீட்டார் அவளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். "இப்பதான் கன்னம் வெச்சிருக்கு" என்று பாராட்டாமலும் இருக்கட்டும். அந்த ஒரு சொல்லே அடுத்த வேளைச் சோற்றைத் தள்ளிவைக்கச் செய்துவிடும்.