புள்ளியில் புதையுறும் தமிழ்!

"இல்லை" என்கின்றது தேடுபொறி. தமிழில் இதுபற்றி எவரும் எழுதவில்லை போலும் என்றெண்ணி எழுந்து போகின்றான் மாணவன். நூல் இருக்கின்றது; அவன் தேடிய தொடரும் அதனுள் இருக்கின்றது. இல்லாதது ஒன்றே: தமிழின் இயல்பறிந்த தேடுமுறை!

'நாட்டுப் பாடல்' என்னும் தொடரை மேற்கோட்குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். அடிச்சொல் பிரித்தறியாத பொறி, அச்சொற்கள் அவ்வடிவிலேயே அடுத்தடுத்து நிற்கும் இடங்களை மட்டுமே தரும். 'நாட்டுப் பாடலை', 'நாட்டுப் பாடல்களில்' என்பனவும், ஒற்று விடுபட்ட 'நாட்டு பாடல்' என்பதும் விலக்குண்ணும். ஆங்கிலப் பெயர்ச்சொல் ஓரிரு வடிவங்களோடு அமைந்துவிடும். தமிழ்ப் பெயரோ வேற்றுமையும் பன்மையும் சாரியையும் உம்மையும் ஏற்றுக் கிளைத்துக்கொண்டே செல்லும். எனவே, சொல்லீற்றில் எது வரினும் ஏற்கும் உடுக்குறி (*) ஆங்கிலத்திற்கு ஓர் ஏந்து; தமிழுக்கோ உயிர்த்தேவை!

அக்குறியின் நிலை என்ன? உலகெங்கும் பயன்படும் 'இலூசீன்' என்னும் தேடுநிரலின் பழைய வினவல்முறை, தனிச்சொல்லில் உடுக்குறியை ஏற்கும், மேற்கோட்குறிக்குள் ஏற்காது. கேட்டால், பொருந்தும் சொற்களையெல்லாம் அடைவிலிருந்து திரட்டி, அவற்றின் இடங்களையும் ஒப்பிட வேண்டும். பொறி தளரும் என்பர். உழைப்பு மிகுதிதான், ஆயினும் இயலாததன்று. தொடருக்குள்ளும் உடுக்குறியை ஏற்கும் வேறொரு வினவல்முறை அந்நிரலிலேயே உள்ளது. அதனைத் தேர்ந்து பொருத்துவார் இன்மையே குறை!

பொருத்திய பின்னும் ஒரு பள்ளம் உண்டு. 'பாடல்*' எனத் தேடினால் 'பாடல்கள்' அகப்படும். 'பாடலை', 'பாடலில்' அகப்படா. ஏன்? ஒருங்குறியில் 'ல்' என்பது லகரமும் புள்ளியும். 'லை' என்பது லகரமும் ஐகாரக் குறியும். புள்ளியோடு தேடும் பொறி, புள்ளியற்ற 'லை'யை அயலெனத் தள்ளுகின்றது. மெய் உடல், அதன்மேல் ஏறுவது உயிர் என்பது நம் இலக்கணம். அகரமேறிய எழுத்தை அடியாக்கி, மெய்யை அதன் திரிபாக்கியது ஒருங்குறி. தலைகீழ் அடுக்கில் தமிழ் எங்ஙனம் அகப்படும்?

தீர்வு நம் இலக்கணத்திலேயே உள்ளது. சொல்லடைவு ஆக்கும்போதே 'லை'யை ல், ஐ எனப் பிரித்து வைக்க. வினவலையும் அவ்வாறே பிரிக்க. 'பாடல்*' அப்போது அனைத்தையும் தழுவும். படிப்போர் கண்ணுக்குரிய எழுத்து மாறவே மாறாது.

அடிச்சொல் காணும் நிரல்கள் போதாவோ எனின், அவையும் வேண்டுவனவே. ஆனால் எங்கே வெட்டுவது என்பதை அவற்றில் நிரலே முடிவு செய்கின்றது. உடுக்குறியிலோ தேடுவோனே முடிவு செய்கின்றான். ஆராய்வானுக்கு அவ்வுரிமை வேண்டும்.

தமிழ் நிரலாளர்களே! நூலகங்களைக் கணினியில் ஏற்றுவோரே! ஏற்றினால் மட்டும் போதாது. எடுக்கவும் இயல வேண்டும். தேடக் கிடைக்காத நூல், எரிந்த நூலுக்கு ஒப்பு. அயலார் அமைத்த வினவற் கட்டத்துக்குள் தமிழை முடக்காதீர்! தமிழுக்கேற்பக் கட்டத்தை மாற்றுங்கள்! "இல்லை" என்னும் பொய்த்தீர்ப்பு இனியேனும் ஒழிக!