வீட்டுக்குள் தங்கும் வெப்பம்: கட்டட விதிகளும் உங்கள் உடல்நலமும்

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு ரூ.4 இலட்சம் நிவாரணம் வழங்கவும் வழிவகுத்தது. வெயிலில் உழைப்பவர்களைப் போலவே, வீட்டுக்குள் இருக்கும் முதியோரும் கைக்குழந்தைகளும் வெப்பத்தால் பாதிக்கப்படுவர் என்பதை இத்தருணத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

இரவு வெப்பம் ஏன் முக்கியம்?

பகலில் வியர்வை மூலமும் தோலுக்கு மிகுதியாக இரத்தத்தைச் செலுத்தியும் உடல் தன்னைக் குளிர்வித்துக் கொள்கிறது. இதனால் இதயத்தின் வேலை கூடுகிறது. இரவில் அறை குளிர்ந்தால்தான் இதயத்திற்கு ஓய்வு கிடைக்கும். அறை வெப்பம் பகலில் 32 டிகிரி, இரவில் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

கான்கிரீட் தளம் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் அறைக்குள் விடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜூன் முதல் கொங்குப் பகுதிக்குக் குளிர்ச்சி தரும். அதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் மாடி வீடுகளில் இரவுத் துன்பம் மிகுதி.

விதிகள் எதுவரை?

பிரிட்டனில் 150 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய வீடுகளில் வெப்பமூட்டலைக் குறைந்தது இரு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கட்டுப்படுத்த விதிகள் கோருகின்றன. நமக்குத் தேவை குளிர்ச்சி. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ கூரை, சுவர் வழியே நுழையும் வெப்பத்திற்கு வரம்பு வகுத்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. அதாவது ஏறத்தாழ 12 சென்ட். மூன்று, நான்கு சென்ட்டில் கட்டப்படும் வீட்டை அது எட்டுவதில்லை. எனவே சிறு வீட்டின் கூரையைப் பற்றிய முடிவு பெரும்பாலும் உங்கள் கையிலேயே உள்ளது.

நீங்கள் செய்யக்கூடியவை

- புதிய வீடு கட்டுவோர் தளத்தின் மேல் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லியும் தட்டோடும் இடுவது, மேற்குச் சன்னல்களுக்கு நிழல் தருவது ஆகியவற்றைப் பொறியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.
- பழைய தளத்திற்கும் சிமென்ட் அட்டைக் கூரைக்கும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசலாம்.
- வீடு முழுவதையும் குளிர்விக்க இயலாவிடில் ஓர் அறையைக் குளிர்வித்தால் போதும். கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையை முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்குங்கள்.
- 2020 முதல் புதிய அறைக் குளிரூட்டிகள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்படுகின்றன. 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் இயக்கினால் அறை ஏறத்தாழ 4 டிகிரி கூடுதல் குளிர்ச்சியாக உணரப்படும், மின்செலவும் குறையும்.
- அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறியை மட்டும் நம்ப வேண்டாம். அது உடலை மேலும் சூடாக்கும்.
- வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பின்னரே சன்னல்களைத் திறவுங்கள்.

இரத்த அழுத்தத்திற்கோ இதய நோய்க்கோ நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோர், கோடைக்கு முன் மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

உடனடி உதவி

உடல் கொதித்து, குழப்பமோ வலிப்போ மயக்கமோ ஏற்பட்டால் அது வெப்பவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலில் நீர் தெளித்து விசிறுங்கள். நினைவு தவறியவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்க வேண்டாம். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.