காற்றின்மேல் ஊரும் வண்டி

மோட்டார் வண்டி உடையோர் இருதிறத்தினர். வண்டியை வாங்கி ஏறிச் செல்வதும், பழுது நேர்ந்தாற் பட்டறையில் ஒப்புவிப்பதுமே அறிந்தவர் ஒரு திறத்தினர். பழைய வண்டியொன்றைத் தேடிப் பெற்று, ஓய்வுநாட்களையும் கைப்பொருளையும் அதன்பாற் செலவிட்டு, பாகம் பாகமாகக் கழற்றியும் பூட்டியும் தம் மனத்திற்கு இசைந்தவாறு புதுக்குவோர் மற்றொரு திறத்தினர். பின்னவர் தொகை சிறிதாயினும் ஊக்கம் பெரிது. அன்னோர் விரும்பிச் செய்யும் மாறுதல்களுள் ஒன்று, வண்டியைத் தாங்கும் எஃகு வில்லை நீக்கி, அவ்விடத்தே காற்றடைத்த ரப்பர்ப் பையை வைத்தலாகும். விசையொன்றைத் தொட்டால் வண்டி நிலத்தோடு படியத் தாழ்கின்றது. மற்றொன்றைத் தொட்டால் நிமிர்கின்றது. இதனைக் காணும் பெரியோர் சிலர், ‘வேலையற்றோர் விளையாட்டு’ என்கின்றனர். இளைஞரோ, ‘எம் வண்டி, எம் விருப்பம்’ என்கின்றனர். இவ்விரு கூற்றும் முழுவுண்மை ஆகா என்பதே நம் கருத்து. காற்றுவில் அமைப்பது அறிவுக்கும் கைத்திறனுக்கும் ஏற்ற நல்வேலை என்பதில் ஐயமில்லை. ஆயின், காற்று முழுதும் போய்விட்டபோது அவ்வண்டி எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கொண்டே அவ்வேலையை அளத்தல் வேண்டும்.

முதற்கண், இதன் தத்துவத்தைச் சிறிது ஆராய்வோம். எஃகுச் சுருள்வில்லின் விறைப்பு பெரும்பாலும் மாறாதது. ஒருவர் மட்டும் ஏறிய வண்டியை நன்கு தாங்கும் மெல்லிய வில், ஐவரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியவுடன் அமிழ்ந்து போகின்றது. ஐவருக்கென வலிய வில்லை அமைத்தாலோ, ஒருவர் செல்லும்போது வண்டி துள்ளுகின்றது. காற்றின் இயல்பு வேறு. ஒரே வெப்பநிலையில் வாயுவின் கன அளவு குறையக் குறைய, அதன் அழுத்தம் அதே விகிதத்தில் மிகும் என்னும் விதியை ராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பயனை இங்கே காணலாம். 12 சதுர அங்குலப் பரப்பின்மேல் அழுத்தம் செலுத்தும் பையொன்றில், சதுர அங்குலத்திற்கு 70 பவுண்டு அழுத்தம் இருப்பின், அது 840 பவுண்டு பாரத்தைத் தாங்கும். பாரம் 1,080 பவுண்டாக உயர்ந்தால், பின்னும் காற்றை ஏற்றி அழுத்தத்தை 90 பவுண்டாக்கினாற் போதும்; வண்டி பழைய உயரத்திற்கே வந்துவிடும். விறைப்பும் பாரத்தோடு கூடவே வளர்வதால், வெறும் வண்டியாயினும் நிறைந்த வண்டியாயினும் அது ஏறியிறங்கும் கதி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எஃகுக்கு எளிதில் வாராத இக்குணமே காற்றின் பெருமை.

இஃது இளைஞரின் வீண் கற்பனை அன்று என்பதற்கு நம் கண்ணெதிரே சான்று உண்டு. காற்றின்மேல் வண்டியை ஓட்டும் எண்ணத்திற்கு ராபர்ட் வில்லியம் தாம்ஸன் 1845இலேயே உரிமைப் பத்திரம் பெற்றார். 1888இல் ஜான் பாய்டு டன்லப் அதனை மீண்டும் கண்டு, சக்கரத்தின் ரப்பர்க் குழாயாக நிலைபெறச் செய்தார். சக்கரத்தில் அடைபட்டிருந்த அக்காற்றே பின்னர் வில்லின் இடத்தையும் பிடித்தது. இன்று நெடுந்தூரப் பேருந்துகள் பலவற்றிற் பயணிகள் உறங்கிச் செல்வது காற்றுப் பைகளின் மேலேயே. 2024ஆம் ஆண்டிற் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஓட்டத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளை நோக்குக. நிறுத்தத்திற்கு வந்ததும் ஒரு பக்கத்துக் காற்று தணிய, பேருந்து யானை மண்டியிடுவது போற் சாய்ந்து, முதியோரும் கால் இயலாதோரும் ஏறுதற்கு இடந்தருகின்றது. ஒரு வண்டியில் வேடிக்கையாகத் தோன்றும் அச்செயலே மற்றொரு வண்டியில் உபகாரமாய் விடுகின்றது. ஆதலின், தாழ்வதும் உயர்வதும் தம்மளவிற் குற்றமாகா.

எனினும், காற்றை நம்பியவர் பட்ட பாட்டையும் மறத்தலாகாது. அமெரிக்க நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் காடிலாக் பிரிவு, 1957ஆம் ஆண்டில் ‘எல்டொராடோ புரோம்’ என்னும் வண்டியை வெளியிட்டது. விலை 13,074 டாலர். அக்காலத்தில் அஃது ஒரு பெருந்தொகை. நான்கு சக்கரத்திற்கும் காற்றுவில் பூட்டிய அவ்வண்டி, 1957இலும் 1958இலுமாக 704 எண்ணிக்கையே செய்யப்பட்டது. செல்வர் வீட்டு வாயிலில் இரவு நிமிர்ந்து நின்ற வண்டி, காற்று கசிந்து காலையிற் படுத்துக் கிடந்த செய்தி பரவலாயிற்று. உரிமையாளர் பலர் காற்றுப் பைகளை அகற்றிவிட்டுப் பழைய சுருள்வில்லையே பூட்டிக்கொண்டனர். பொறிஞர் பலரும், சோதனைச் சாலைகளும், அளவற்ற பொருளும் உடைய நிறுவனத்திற்கே இக்கதி நேர்ந்ததாயின், வீட்டுக் கொட்டகையில் தனியே முயலும் இளைஞன் எத்துணை விழிப்போடிருத்தல் வேண்டும்! அன்றைய ரப்பரினும் வால்வினும் இன்றையவை மிகச் சிறந்தன என்பது மெய்யே. எனினும், கசியாத காற்று இன்றும் இல்லை.

ஆகவே வேலையைத் தொடங்குவோன், முடிவிலிருந்து எண்ணத் தொடங்குக. நான்கு பைகளிலும் ஒரு சிறிதும் காற்றில்லை எனக் கொள்க. அந்நிலையில் வண்டியின் பாரம் எதன்மேல் இறங்குகின்றது? அதற்கென அமைத்த ரப்பர்த் தாங்குகட்டையின் மேலாயின் நன்று. மடிந்த பையின் மேலாயின் பை கிழியும். அப்போது சக்கரம் மேற்றகட்டில் உரசுகின்றதா? திசைதிருப்பும் வளையத்தை இருபுறமும் முழுமையாகத் திருப்ப முடிகின்றதா? பிரேக்கு எண்ணெய்க் குழாய் எங்கேனும் நசுங்குகின்றதா? இனி, பைகள் முழுதும் நிறைந்து வண்டி உச்சத்தில் நிற்கும் நிலையிலும் இவ்வாறே வினவுக. அங்கே அக்குழாய் இழுபட்டு அறுந்துபோகும் அபாயம் உண்டு. இவ்விரு கோடிகளையும் பொறுத்துச் சோதித்தவனுக்கு, இடைப்பட்ட நிலைகள் தாமே அமையும்.

வேலை செய்யும்போதோ, காற்றுப் பையையும் ஜாக்கியையும் நம்பி எவனும் வண்டியின்கீழ் நுழைதலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்திய பின்னரே வில்லிற் கை வைத்தல் வேண்டும். அமுக்கப்பட்ட சுருள்வில்லைத் தக்க கருவியின்றி விடுவிப்பது உயிருக்கே உலைவைப்பதாகும். பை, சுழலும் சக்கரத்தையும் சூடேறிய புகைக்குழாயையும் தீண்டாதபடி விலகி நிற்றல் வேண்டும். இடப்பக்கத்துப் பையையும் வலப்பக்கத்துப் பையையும் ஒரே குழாயால் இணைத்துவிடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆயின், வளைவில் திரும்பும்போது பாரம் மிகுந்த பக்கத்துக் காற்று மறுபக்கத்திற்கு ஓட, வண்டி பின்னும் சாயும். ஆதலின் சக்கரந்தோறும் தனிவால்வு வேண்டும். கம்ப்ரெஸர் என்னும் காற்றழுத்து யந்திரம் மின்சாரத்தை மிகுதியாக உண்பது. அதற்குரிய கம்பி தடித்ததாகவும், பியூஸ் மின்கலத்தின் அருகிலேயே அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும். இன்றேல் தீ மூளும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உள. காற்றோடு ஈரமும் கலந்தேயுள்ளது. காற்றை அமுக்கித் தொட்டியில் அடைக்குங்கால் அவ்வீரம் நீராய்த் தங்கி, தொட்டியைத் துருப்பிடிக்கச் செய்து வால்வையும் கெடுக்கும். அடியில் ஒரு குழாய்முனை வைத்து நாள்தவறாது நீரை இறக்குவது எளிது. ஆயினும் பலரும் மறப்பது அதுவே. மற்றொன்று, வில்லின் தொழில் வேறு, அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்ஸார்பரின் தொழில் வேறு என்பது. வில் அடியை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அத்திருப்பத்தை அடக்குவது மற்றையது. புதிய பையோடு பழைய தேய்ந்த தணிப்பியைக் கூட்டுவது, புதுமாட்டைப் பழுதான நுகத்திற் பூட்டுவது போலாம். எல்லாம் முடிந்தபின் இணைப்புதோறும் சோப்புநீர் தடவிக் குமிழி தோன்றுகின்றதா எனக் காண்க. ஓரிரவு கழித்து அழுத்தமானியின் முள் அதே இடத்தில் நின்றால் மகிழ்க. ஓடும் உயரத்தில் சக்கரங்களின் சாய்வையும் முன்விளக்கின் நோக்கையும் திருத்திய பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொணர்க.

‘இத்துணைப் பாடும் வெறும் தோற்றத்திற்குத்தானே?’ என்பார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். கலிபோர்னியாவில் மெக்ஸிகோ வழிவந்த மக்கள், தம் பழைய வண்டிகளைத் தாழ்த்தி, வண்ணந்தீட்டி, மெல்ல ஊர்ந்து செல்வதைக் கலையாகவே வளர்த்தனர். சக்கர விளிம்பின் அடியினும் வண்டியின் உடல் தாழ்ந்திருத்தலாகாது என 1958இல் அம்மாநிலத்தில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே ரான் அகிர்ரே என்பார், விமான உதிரிபாகங்களிலிருந்து பெற்ற எண்ணெய்ப் பம்புகளைக் கொண்டு, வேண்டும்போது தாழவும் உயரவும் வல்லதாய்த் தம் வண்டியை அமைத்தார். அவர் கையாண்டது எண்ணெயே எனினும், பின்னாளிற் காற்றுப் பை கொண்டு செய்வோரும் அவ்வழியினரே. அச்சட்டமோ 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எளிய மக்கள் தம் கைப்பொருளுக்கு ஏற்ற பழைய வண்டியில் தம் மானத்தையும் அழகுணர்ச்சியையும் காட்டியதனை வீண் ஆடம்பரம் என்று இகழ்தல் தகாது.

நம் நாட்டு நிலைமை யாது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுப் பத்திரத்திற் கண்ட விவரங்கள் வண்டியைச் செய்தோர் குறித்த அமைப்பிற்கு மாறாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கின்றது. வேறு எரிபொருளுக்கு மாற்றுதல் முதலிய சில விலக்குகள் உள. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தடையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆதலின், இவ்வேலையில் விருப்புடைய நம் நண்பர், கருவியை வாங்குமுன் சட்டத்தை அறிதல் கடமை. சாலை அனைவர்க்கும் பொது. பை வெடித்த வண்டி, எதிரே சைக்கிளில் வருவோனைப் பார்த்து, ‘இஃது என் விருப்பம்’ என்று கூற இயலாது.

எனினும் இங்கே நம் அபிப்பிராயம் ஒன்றைத் துணிந்து கூறுவோம். ஜெர்மனி நாட்டில் வண்டியை மாற்றியமைப்போன், அங்கீகாரம் பெற்ற நிபுணனிடம் அதனைக் காட்டிச் சோதனைக்கு உட்படுத்தி, ஒப்புதலைப் பத்திரத்திற் பதிந்துகொள்ளும் முறை உண்டு. தேர்ந்த வேலையும் தேராத வேலையும் அங்கே பிரித்தறியப்படுகின்றன. நம் நாட்டிலோ, செம்மையாகச் செய்தவனும் கண்மூடிச் செய்தவனும் ஒரே நிரையில் நிற்கின்றனர். காட்டினாற் குற்றம் என்றிருக்குங்கால், நல்லவனும் மறைத்தே செய்வான், மறைவிற் செய்தது சோதிக்கப்படாது, சோதிக்கப்படாததே அபாயமாவது. ஆதலின் அடியோடு தடுத்தலினும், அளவுகோல் வகுத்து, காற்றுப்போன நிலையில் நிறுத்திப் பார்த்து, தேறியதை ஒப்புக்கொள்வதே நாட்டிற்கு நலம். அத்தகைய முறை வரும்வரை சட்டத்திற்கு அடங்கி நடப்பதும், அது வரவேண்டுமென வாதாடுவதும் ஒருங்கே நம் கடமையாம்.

கல்லூரியிற் பாயிலின் விதியைப் பாடமாகக் கற்று மறந்தோர் பலர். அதனைத் தன் கையால் இரும்பிலும் ரப்பரிலும் கண்டறியும் இளைஞனைப் பரிகசித்து ஒதுக்குவது கல்விக்கு அழகன்று. அவனுக்கு நாம் சொல்லவேண்டுவது ஒன்றே: தம்பி, உன் வண்டி தாழ்ந்து நிற்கும் எழிலை ஊரார் காண்பர், காற்றுப் போனாலும் ஒருவர்க்கும் ஊறு நேராதவாறு நீ உள்ளே வைத்த தாங்குகட்டையை ஒருவரும் காணார். காணாத அவ்வேலையை முதலிற் செய்க.