கர்சர் தானா ஓடுதா? முதல்ல சார்ஜரைக் கழட்டுங்க!

லேப்டாப் கர்சர் தன்னிஷ்டத்துக்குத் தாவினால், ‘விண்டோஸ் மாத்திடலாம்’ என்றுதான் முதலில் சொல்வார்கள். அவசரம் வேண்டாம், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். டச்பேட் உணர்வது அழுத்தத்தை அல்ல; விரல் பட்டதும் மின்புலத்தில் வரும் மாற்றத்தை. எர்த் சரியில்லாத பிளக் பாயிண்டும் மட்டமான சார்ஜரும் அதைக் குழப்பிவிடும். ஈரக்கையும் அப்படித்தான், துடைத்தால் போச்சு.

டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா, கிளிக் கெட்டியாகிவிட்டதா? இதுதான் சீரியஸ். பல மாடல்களில் அதற்கு அடியிலேயே லித்தியம் பேட்டரி இருக்கும். உப்பினால் டச்பேடை மேலே தள்ளும். அமுக்கி உள்ளே தள்ளுவது, ஊசியால் குத்துவதெல்லாம் கூடவே கூடாது, தீப்பிடிக்கலாம். உடனே ஆஃப் செய்து, சார்ஜ் போடாமல் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். ‘இன்னைக்கு டெட்லைன், நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று மெத்தை மேல் சார்ஜில் விட்டுத் தூங்குவதெல்லாம் வேண்டாத ரிஸ்க்.