நீதிமன்றம் விடுவித்தாலும் சிபில் விடுவதில்லை

கடன் தலைக்கு மேல் போய்விட்டால் நம் பக்கத்தில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்பார்கள். கடுதாசியோடு எல்லாம் முடிந்தது என்றுதான் கொடுத்தவரும் வாங்கியவரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தொடக்கம் மட்டுமே. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தனிமனிதர் ஒருவரின் திவால் மனுவை இன்றும் ஆள்வது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவிக்கும்போதே ஒரு கெடுவையும் விதிக்கிறது. அந்தக் கெடுவுக்குள் கடன்களிலிருந்து விடுவிக்கும்படி அவர் தனியாக இன்னொரு மனு போட வேண்டும். போடத் தவறினால் அறிவிப்பே ரத்தாகி, பழைய கடன்காரர்கள் மீண்டும் வாசலுக்கு வரலாம். விடுவிப்பு ஆணை கிடைத்தாலும் அரசுக்கான பாக்கியும், ஜீவனாம்சமும், மோசடியால் உண்டான கடனும் தீராது. அடகில் இருக்கும் நகைமீதும் பத்திரத்தின்மீதும் கடன் கொடுத்தவருக்குள்ள உரிமையும் அப்படியே நிற்கும்.

இத்தனையும் தாண்டி ஒருவர் விடுவிப்பு ஆணை பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் வங்கிக்குப் போகிறார். அங்கே மேலாளர் பார்ப்பது அந்த ஆணையை அல்ல, கணினித் திரையை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கின்றன. அந்த விவரங்களை அனுப்புவது கடன் கொடுத்த வங்கியும் நிதி நிறுவனமும்தான், நீதிமன்றம் அனுப்புவதில்லை. ஆகவே கடன் கணக்கில் ‘ரிட்டன் ஆஃப்’ என்ற குறி விழுந்திருந்தால் அது அப்படியே கிடக்கும். வங்கி தன் ஏட்டில் வாராக்கடன் என்று ஒதுக்கிவைத்ததற்கு மட்டுமே அது அடையாளம். அதனால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது. பாதித் தொகைக்குப் பேசி முடித்திருந்தால் ‘செட்டில்டு’ என்று இருக்கும். குறைந்தது 7 ஆண்டு இந்த விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதில் எனக்கு ஏற்க முடியாதது ஒன்றுதான். வேண்டுமென்றே கடனை ஏமாற்றியவரும், நீதிமன்றம் முழுதாக விசாரித்து நேர்மையானவர் என்று கண்டு விடுவித்தவரும் அந்தத் திரையில் பெரும்பாலும் ஒரே மாதிரித் தெரிகிறார்கள்.

இந்த வேறுபாடு நம் மாவட்டங்களுக்கு மிக முக்கியம். 2018-ல் படைப்புழு பெரம்பலூர் மக்காச்சோளத்தை அழித்தபோது கடனைக் கட்ட முடியாமல் போனவர்கள் சோம்பேறிகள் அல்ல. சின்ன வெங்காயம் விலை போகாத ஆண்டிலும், பருத்திக்கு மழை பொய்த்த ஆண்டிலும் இதே நிலைதான். பயிர்க்கடன், மகளிர் குழுக் கடன், நகைக்கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் என்று நான்கைந்து இடத்தில் கையெழுத்திட்ட குடும்பத்தில் ஒரு தவணை தவறினாலே மற்றவையும் சரியும். வங்கிக் கதவு அடைபட்டால் அவர்கள் கடன் வாங்குவதை நிறுத்திவிடுவதில்லை. கந்துவட்டிக்குத்தான் போகிறார்கள். 2003-லேயே தமிழ்நாடு அதைத் தடை செய்திருக்கிறது; ஆனால் வேறு வழி இல்லாதவருக்குச் சட்டம் சோறு போடாது.

இதற்கு மறுப்பு உண்டு. விடுவிப்பை எளிதாக்கிப் பதிவேட்டையும் திருத்தினால் ஊரே மஞ்சள் கடுதாசி கொடுக்கும் என்பார்கள். சட்டத்தைப் படித்தவர் அப்படி அஞ்ச மாட்டார். சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் கைக்குப் போகிறது. கணக்குப் புத்தகம் வைக்காத வியாபாரிக்கும், கட்ட முடியாது என்று தெரிந்தே கடன்மேல் கடன் வாங்கியவருக்கும் நிபந்தனையற்ற விடுவிப்பை மறுக்கும்படி சட்டமே சொல்கிறது. சொத்து ரூபாய்க்கு எட்டணாவுக்குக்கூடத் தேறாவிட்டால், அது தன் குற்றமல்ல என்று அவர் காட்ட வேண்டும். இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது: வங்கியில் இருப்பது பொதுமக்கள் பணம், கடன் கேட்பவரின் கடந்த காலத்தை அறிய வங்கிக்கு உரிமை உண்டு. நிச்சயமாக உண்டு. பதிவை அழிக்கும்படி நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் திவால் விவரம் 10 ஆண்டு வரையும் இங்கிலாந்தில் 6 ஆண்டும் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் விடுவிக்கப்பட்ட கடனுக்கு நேரே பாக்கி பூஜ்யம் என்று எழுதியாக வேண்டும். நான் கேட்பது அந்த முழு உண்மையைத்தான். பழைய பாக்கி எதுவும் இல்லாத ஒருவரை, ஐந்து இடத்தில் பாக்கி வைத்திருப்பவரைப்போலக் காட்டும் அறிக்கை வங்கிக்கும் பயன்படாது.

தில்லி ஒரு நல்ல சட்டத்தை எழுதி, பாதியில் வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதருக்கானது. அதில் ஏழைக் கடனாளிக்கு ‘புதிய தொடக்கம்’ என்ற ஏற்பாடும், திவாலானவருக்கு ஓராண்டு முடிந்ததும் விடுவிப்புக்கான வழியும் உண்டு. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். நாளைக்கே எல்லோருக்கும் நீட்டினாலும் புதிய தொடக்கத்துக்கு ஆண்டு வருமானம் 60,000 ரூபாயையும், கடன் 35,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. சொந்த வீடும் இருக்கக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ஏழைக் குடும்பம் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த வருமான வரம்பு 3 லட்சம் ரூபாய். கடன் கொடுக்கும்போது 3 லட்சம் வரை ஏழை, கடனிலிருந்து விடுவிக்கும்போது 60,000 வரைதான் ஏழை என்பது அநியாயம். இந்த வரம்பை உயர்த்தி, மூன்றாம் பகுதியை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவந்து, விடுவிப்பு ஆணை நீதிமன்றத்திலிருந்து நேரே நான்கு நிறுவனங்களுக்கும் போகும்படி செய்ய வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது உண்டு. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள். முடிந்த கடன் முடியாததாக இருந்தால், நீதிமன்ற ஆணையின் நகலோடு வங்கிக்கும் அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் புகார் தீராவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023-ஆம் ஆண்டு ஆணை. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.