எல்லாம் சேற்றுப்புண் அல்ல

பாபநாசம் வட்டாரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏறி, தொழி கலக்கத் தொடங்கிவிட்டால், நடவு முடியும் வரை விவசாயிகளின் கால் காய்வதில்லை. குடமுருட்டிப் பாசனத்தில் குறுவையை அறுத்த கையோடு தாளடிக்கு இறங்குகிறவர்களுக்குப் புரட்டாசி, ஐப்பசி முழுவதும் சேறுதான். விரல் இடுக்கு வெளுத்து, அரித்து, வெடித்து எரியும். ஊறிய தோலில் காளானும் பாக்டீரியாவும் பற்றுவதால் வருவது இந்தச் சேற்றுப்புண். மாலையில் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, மருத்துவர் சொல்லும் குளோட்ரிமசோல் போன்ற களிம்பைத் தடவி வந்தால் சில வாரங்களில் ஆறிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருப்பதுண்டு. அதனால் அரிப்பு அடங்கும். காளான் பரவிக்கொண்டே போகும்.

காலில் வரும் எல்லா நோவுக்கும் சேற்றுப்புண் என்ற ஒரே பெயரைச் சூட்டிவிடுவதுதான் பெரிய தவறு. நெல்லில் நடுக்குருத்து காய்ந்தால் விவசாயி அதை இழுத்துப் பார்த்துக் குருத்துப்பூச்சி என்கிறார். தூர் வெங்காய இலைபோல நீண்டால் ஆனைக்கொம்பன் என்கிறார். இலையில் கண் வடிவப் புள்ளி விழுந்தால் குலைநோய் என்று பிரித்தறிகிறார். மாடு நொண்டினால் குளம்பைத் தூக்கிப் பார்க்காமல் ஏர் பூட்டுவதில்லை. தன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு மட்டும் அவருக்கு நேரம் இருப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது முள். வரப்போரத்திலும் வேலியிலும் கிடக்கும் கருவேல், சீமைக்கருவேல் முள் தைத்தால் நுனி உள்ளேயே ஒடிந்து தங்கிவிடுவதுண்டு. மேல்புண் ஆறிவிடும். சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து, கணுக்கால் மூட்டோ விரல் மூட்டோ வீங்கி நோகும். அதற்குள் முள் தைத்ததே மறந்து போயிருக்கும். வாதம் என்று எண்ணி மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். மரப்பொருளான முள், சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்புவது சரியல்ல. ‘இந்த இடத்தில் இன்ன மாதம் முள் தைத்தது’ என்று மருத்துவரிடம் சொன்னால் அவர் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுத்துத் தேடச் சொல்வார். முள்ளை எடுத்துவிட்டால் பல மாத நோவும் தீர வழி பிறக்கும். வீட்டில் ஊக்கால் நோண்டுவதும், கொதிக்கும் எண்ணெய் விடுவதும் புண்ணைக் கெடுக்கும் வேலைகள். டெட்டனஸ் தடுப்பூசியையும் மறக்கக் கூடாது.

நோகிற முள்ளைவிட, நோகாத வீக்கத்துக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். மண்ணிலுள்ள சிலவகைக் காளான்களும் பாக்டீரியாக்களும் முள் குத்திய துளை வழியே உள்ளே புகுந்து, பாதத்தில் மெல்ல மெல்லக் கட்டியாக வளரும். ஆண்டுக்கணக்கில் வலி தெரியாமலே இருக்கலாம். பிறகு பல இடங்களில் கண் திறந்து சீழ் வடியும். அதில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ சிவப்பாகவோ குருணை குருணையாக வரும். எலும்பையும் அரிக்கும். 1842ஆம் ஆண்டில் மதுரையில் மருத்துவப் பணியிலிருந்த ஜான் கில் இதை விவரித்தார். அந்த ஊரின் பெயராலேயே உலகம் இதை ‘மதுரைக் கால்’ என்கிறது. சூடானிலும் மெக்சிகோவிலும் வெறுங்காலோடு உழைக்கும் விவசாயிகளையும் இது முடக்குகிறது. ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது 2016ஆம் ஆண்டில்தான். ஏழையின் காலைத் தாக்கும் நோய் என்பதால் 174 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது போலும்.

பாக்டீரியாவால் வந்ததா, காளானால் வந்ததா என்று அறியாமல் இதற்கு மருந்து கொடுக்க முடியாது. முன்னதற்குக் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகள் உண்டு. மாதக்கணக்கில் எடுத்தால் நன்றாகக் குணமாகும். பின்னதற்கு இட்ராகொனசோல் போன்ற மருந்தை இன்னும் நீண்ட காலம் எடுக்க வேண்டும். பல சமயம் அறுவையும் தேவைப்படும். புண்ணின்மேல் ஓரிரவு சுத்தமான வெள்ளைத் துணியைக் கட்டி வைத்தால் குருணை அதில் ஒட்டும். மண் மாதிரி எடுத்துப் போவதுபோல அதை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். சதைத்துணுக்குச் சோதனையும் அங்கே செய்வார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது போனால் காலைக் காப்பாற்றலாம்.

கும்பகோணம் பக்கத்தில் யானைக்கால் நோயை அறியாதவர் இல்லை. அதைப் பரப்பும் கொசு வயல் தண்ணீரைவிடச் சாக்கடைத் தண்ணீரில்தான் பெருகுகிறது. ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்குக் குளிர்காய்ச்சலுடன் தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து நோவது விரல் இடுக்கு வெடிப்பின் வழியே கிருமி நுழைவதால்தான். அவர்களுக்குச் சேற்றுப்புண்ணும் சிறு புண் அல்ல. தினமும் காலைக் கழுவி உலர்த்துவதே அவர்களுக்கு முதல் மருந்து.

மரத்துப்போன பாதத்தில் வரும் புண்ணுக்கு நீரிழிவோ தொழுநோயோ காரணமாகலாம். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து உண்டு. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ எடுத்தால் போதும்.

இவற்றையெல்லாம் அறிந்தாலும் நடவுப் பெண்கள் மருத்துவமனைக்குப் போவதில்லை. ஒரு நாள் போனால் அன்றைய கூலி போயிற்று. செட்டிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. கால் ஊன்ற முடியாமல் போன பிறகே போகிறார்கள். தன் நிலத்தில் முள் தைத்த ஆளுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவது நிலக்காரரின் கடமை. அதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. கால்நடைகளுக்கு ஊர் ஊராக முகாம் நடக்கிறது. நடவு முடிந்த வாரத்தில் மனிதரின் பாதத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு முகாம் நடத்த ஊராட்சிகள் கேட்டுப் பெற வேண்டும். வேலி வெட்டுகிறவர்கள் முள்ளை வரப்பிலும் வாய்க்காலிலும் தள்ளாமல் அன்றே ஓரிடத்தில் குவித்துக் கொளுத்திவிட்டால், முகாமுக்கு வரும் கால்களில் பாதி குறையும்.